தேத்தண்ணி முடியும்வரை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் காரின் கதவை நான் திறந்ததும் பண்டான் இலை வாசம் வந்தது. பின்கண்ணாடியோரம் யாரோ ஒரு கட்டுப் பண்டானை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள், உன் சின்ன வெள்ளைக் காரில் நீ வைத்திருந்ததைப் போலவே. கரப்பான் வராது என்று நீ காரணம் சொல்வாய். கரப்பானெல்லாம் சாக்கு, உனக்கு அந்த வாசம்தான் வேண்டும். நான் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயிற்சி தரும் அங்கிள் உள்ளேயிருந்து குனிந்து பார்த்தார்.

"என்னமா, கார் கடிக்காதுலா. ஏறு."

ஏறினேன். உன் காரில் நான் எப்போதும் இடது பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதன்முறையாக, நீ உட்காரும் பக்கத்திலிருந்து அந்த வாசத்தை முகர்ந்தேன்.

நான் கார் ஓட்டப் பழகுகிறேன் என்றால் நீ நம்பமாட்டாய். வேறு வழியில்லாமல்தான் பழகுகிறேன். அம்மாவின் சிறுநீரகங்கள் நின்றுவிட்டன. எங்கள் ஊரான லாபிஸிலிருந்து சிகாமட்டுக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டும். இதுவரை பக்கத்து வீட்டு அங்கிள், அப்பா விட்டுப்போன காரில் அழைத்துப் போய் வருகிறார். பொங்கல் முடிந்ததும் அவர் கோத்தா திங்கியிலிருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விடுவார். ரயில் நேரம் ஒத்துவராது. சிகிச்சை முடிந்து கால் தள்ளாடி வருபவரை நடைமேடையில் உட்கார வைக்கவும் முடியாது. லாபிஸிலிருந்தே வேலை செய்ய அலுவலகத்தில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பது கார் மட்டும். அதாவது, நான் மட்டும்.

இது டிசம்பர். நம்முடைய மாதம். ஜொகூர் பாருவில் நாம் பகிர்ந்துகொண்ட அறையில் இந்த மாதம் வந்தால் போதும், நான் புத்தகங்களைப் பரப்பிவிடுவேன். வரப்போகும் ஆண்டை எந்த முறையில் திட்டமிடுவது என்று ஆராய்ச்சி. ஒரு வருடம் பத்திரிகைப் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டினோம். கடற்கரை, மலை, யாரென்று தெரியாத ஒரு பெண்ணின் சிரிப்பு. "இது உன் லட்சியமா, ட்ராவல் ஏஜென்சி விளம்பரமாடி?" என்று கேட்டாய். இன்னொரு வருடம் அலுவலகப் பயிற்சியில் சொல்லித் தந்தபடி, ஒவ்வொரு இலக்கையும் அளக்கக்கூடியதாக, காலக்கெடுவோடு எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு, வாடகை ஒப்பந்தம் மாதிரி இருக்கிறது, கையெழுத்து எங்கே போடவேண்டும் என்றாய். ஆண்டு முழுவதற்கும் ஒரே சொல் என்றொரு முறை. நான் 'துணிவு' என்று எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். கதவைத் திறந்தால் சொல் மறைந்துவிடும் என்பதை நீதான் முதலில் கவனித்தாய்.

பிறகு, இலக்குகளைக் கணக்கு வைக்கும் அந்தக் கைப்பேசிச் செயலி. இருவரும் ஒரே கணக்கில் சேர்ந்து, ஒருவர் முன்னேற்றத்தை மற்றவர் பார்க்கும்படி வைத்துக்கொண்டோம். அதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். நீ போன பிறகும் அது உன்னை விடவில்லை. வாரம் தவறாமல், உன் பெயரைச் சொல்லி, உங்கள் தோழி இந்த வாரம் பின்தங்கியிருக்கிறார், ஒரு ஊக்கச் செய்தி அனுப்புங்கள் என்று எனக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. முதல்முறை அது வந்தபோது நான் பேருந்தில் இருந்தேன். கைப்பேசியைத் திருப்பி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். அதை அழிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். கடைசியில் அழித்தேன்.

நமக்குப் பொருந்திய ஒரே முறை நீ கண்டுபிடித்ததுதான். ஆண்டிறுதியில் ஊருக்குப் போகும் வழியில் ஆயர் ஈத்தாமில் நிறுத்துவோம். பானைக் கடைகளுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட அந்தத் தேநீர்க் கடையில் உட்காருவோம். உன் ஆண்டை நான் எழுதவேண்டும், என் ஆண்டை நீ. ஒன்றே ஒன்றுதான் எழுதலாம். மற்றவளுக்கு எதில் பயமோ அதை எழுதவேண்டும். அதைப் படித்தவள், தன் தேத்தண்ணி முடியும்வரை எதிர்த்துப் பேசக்கூடாது. "அது ஏன் தேத்தண்ணி?" என்று கேட்டேன். "சூடா இருக்கறப்ப நீ வேகமா குடிக்க மாட்ட. குடிச்சி முடிக்கறதுக்குள்ள பழகிரும்லா" என்றாய்.

சென்ற ஆண்டு உனக்கு நான் எழுதியது: கோயில் திருவிழாவில் பாடு. லாரிகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டே ஓட்டும் நீ, நாலு பேர் முன்னால் வாய் திறந்து பாட அப்படி நடுங்குவாய். நீ எனக்கு டிஷ்யூ தாளில் எழுதியது இரண்டே சொல்: கார் ஓட்டு. மறுத்துப் பேச என்னிடம் நிறைய இருந்தது. சின்ன வயதில் அப்பாவோடு போகும்போது முன்னால் போன மோட்டார் சைக்கிள் லாரிக்கு அடியில் போனதைப் பார்த்தவள் நான், உனக்கே தெரியும். பாதிக் கோப்பைதான் குடித்திருந்தேன். அதற்குள் ஒரு லாரிக்காரர் உன் கார் வழியை அடைக்கிறது என்று விடாமல் ஹாரன் அடித்தார். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினோம். அதன் பிறகு வெகுநாள் அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பங்குனித் திருவிழாவில் நீ பாடினாய். முதல் அடியில் குரல் உடைந்தது. கூட்டத்தில் என்னைத் தேடினாய். நான் பூக்கடை ஓரம் நின்று கையை உயர்த்திக் காட்டினேன். பாடி முடித்து வந்தபோது உன் ரவிக்கை முதுகில் வியர்வையில் ஒட்டியிருந்தது. பயம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"எங்க போச்சு? அதுவும் கூடவே வந்து பாடுச்சு."

ஜூனில், ஊருக்குப் போன இடத்தில் உனக்குக் காய்ச்சல். வெறும் காய்ச்சல்தான்லா, வார இறுதிக்குள் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். டெங்கி என்று தெரிந்தபோது மருத்துவமனைக்கு வந்தேன். என்னைப் பார்த்து, "எப்ப லைசன்ஸ் எடுக்கப் போற?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாய். அதற்குப் பிறகு நீ பேசி நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் பயம் காரோடு நிற்கவில்லை. இந்த மாதம் புதிய நாட்குறிப்பை விரித்து 'அடுத்த ஆண்டு' என்று எழுதப் போனால் கை நிற்கிறது. நான் படித்த எல்லா முறைகளும், டிசம்பர் வரை ஆள் இருப்பார் என்று முதல் பக்கத்திலேயே எடுத்துக்கொள்கின்றன. காலாண்டாகப் பிரி என்கிறது ஒன்று. முடிவிலிருந்து பின்னோக்கி வா என்கிறது இன்னொன்று. முடிவிலிருந்தா? எழுதினால் ஏதோ ஒன்று என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிடும் என்று தோன்றுகிறது. படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். கேட்ட பிறகும் எழுதவில்லை. எழுதாமல் விட்டாலும் பொங்கல் வரத்தான் போகிறது.

நேற்று மேட்டுப் பயிற்சி. சரிவில் ஏறி மஞ்சள் கோட்டில் நிறுத்தவேண்டும். கைப்பிரேக்கை இழுத்து, பிறகு பின்னால் சரியாமல் கிளம்பவேண்டும். கைப்பிரேக்கை இறக்கியதும் கார் மெல்லப் பின்னுக்குப் போனது. கண்ணாடியில் எனக்குப் பின்னால் இன்னொரு பயிற்சிக் கார். இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து அழுத்தினேன். எஞ்சின் நின்றது. அங்கிள் தன் பக்கத்துப் பிரேக்கில் கால் வைத்துக் காரைப் பிடித்துக்கொண்டார். பிறகு, பயம் இருந்தால் இருக்கட்டும், ஆனால் காலை மட்டும் அதனிடம் கொடுத்துவிடாதே என்றார். மறுபடியும் போனேன். மறுபடியும் சரிந்தது. மூன்றாவது தடவை சரியாமல் கிளம்பியது. எப்படி என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் அம்மா தனக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவருக்குத் தண்ணீரே அளவுதான். சின்ன டம்ளரில் பாதி. வாங்கினால் ஒரே மடக்கில் முடித்துவிட்டு, முடிந்துவிட்டதே என்று டம்ளரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு என்ன தோன்றியதோ, உன் முறையை அவரிடம் சொன்னேன். பயமானதை எழுதுவது, தேத்தண்ணி முடியும்வரை பேசாமலிருப்பது, எல்லாம்.

"உன் கூட்டாளி கண்டுபுடிச்சதா?"

"ஆமாம்மா."

"அந்தப் புள்ள சும்மா எதையும் செய்யாது" என்றார். நாள்காட்டியில் முந்தைய நாளின் தாளைக் கிழித்து, இரண்டாக்கி, ஒரு துண்டை என்னிடம் தந்தார்.

நான் அவருக்கு எழுதினேன்: ஊசி வலித்தால் வலிக்கிறது என்று சொல்லவேண்டும். ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. எப்போது கேட்டாலும் 'ஒன்னுமில்ல'.

அம்மா எழுத நேரமாயிற்று. ஊசி ஏறி ஏறி வீங்கிய கையால் மெதுவாக எழுதி என் பக்கம் நகர்த்தினார். 'என்னை முன்சீட்டில் வைத்து ஓட்டு.'

அம்மா காரில் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. அப்பா ஓட்டிய காலத்திலேயே பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, லாரி வந்தால் முருகா என்று முனகிக்கொண்டு வருபவர். நான் வாயைத் திறந்தேன். அம்மாவும் என் துண்டைப் படித்துவிட்டு ஏதோ சொல்ல வந்தார். அப்புறம் டம்ளரைப் பார்த்தார். அடியில் ஒரு வாய் இருந்தது. குடிக்கவில்லை. அதை மேசையின் நடுவில் தள்ளிவைத்தார்.

"இன்னும் முடியல. நீயும் பேசக்கூடாது, நானும் பேசக்கூடாது."

நாள் முழுக்கத் தாகத்தோடு இருப்பவர், அந்த ஒரு வாயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். நான் வெகுநேரம் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். டம்ளரை எடுத்துக் கழுவ மனம் வரவில்லை.

நாளைக்குத் தேர்வு. தோற்றுவிடுவேனோ என்று பயம். தேறிவிட்டால் அதைவிடப் பயம். விடியலில் பனி இறங்கிய சிகாமட் சாலையில், முன்சீட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு போகும் அந்த முதல் நாள் வந்துவிடும். அடுத்த ஆண்டுக்கென்று நாட்குறிப்பில் ஒரு வரியும் எழுதவில்லை. அதன் முதல் பக்கத்தில் நாள்காட்டித் துண்டையும் உன் டிஷ்யூ தாளையும் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் வளரும் பண்டானை அம்மா வெட்டிக் கட்டி வைத்திருக்கிறார். அப்பா காரின் பின்கண்ணாடியோரம் தூசியைத் துடைத்துவிட்டேன்.

உன்னிடம் மறுத்துப் பேச அன்றைக்கு நான் சேர்த்து வைத்ததெல்லாம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் ஆயர் ஈத்தாமில் நான் பாதிக் கோப்பையோடு எழுந்து வந்தவள். என் தேத்தண்ணி இன்னும் முடியவில்லை.