எண்பத்தெட்டில் கொதித்த தண்ணீர்

அன்புள்ள ஜூராகான்,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். "ஓய்வு பெத்தப்புறம் முர்காப் மலையில போய் என்னத்த சொல்லிக் கொடுக்கப் போறீங்க?" என்று கேட்டாயே.

ஏழாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை எல்லோரையும் கொதிக்கும் தண்ணீரில் வெப்பமானி வைத்துப் பார்க்கச் சொன்னேன். இந்த உயரத்தில் எண்பத்தெட்டு டிகிரிதான். தேர்விலும் அதையே எழுதினார்கள். புத்தகத்தில் நூறு என்றிருப்பதால் மதிப்பெண் இல்லை. அந்த ஒரு மதிப்பெண்ணில் பதினொன்றாம் வகுப்பு நுர்சாத்துக்குக் கல்லூரி இடம் கைநழுவிப் போயிற்று.

"நம்ம ஊர்த் தண்ணி புத்தகமே படிக்கல, சார்," என்று சிரித்தாள். தேர்வுத் துறைக்கு நான் அனுப்பிய முறையீட்டுக்குப் பதில் வரவில்லை. இப்போது வெப்பமானியைக் கொடுத்தால் யாரும் வாங்குவதில்லை.

கம்பளிக் காலுறை அனுப்பு. பேச்சுத்துணைக்குக் கெட்டில்தான் இருக்கிறது. தபால் வண்டி கிளம்புகிறது. அங்கே வீட்டில் என் மேசையில் ஒரு வெப்பமானி இருக்கும். ஓஷில் நம் வீட்டுத் தண்ணீர் கொதிக்கும்போது வைத்துப் பார். காட்டுவதை அப்படியே எழுது.

உன் ஷைலோபெக்