இயன்றவரை

அக்கா,

இன்று காலை அலுவலகத் தரையிலிருந்து வந்த பினாயில் வாசனை வெகுநேரம் போகவில்லை. கணினியைத் திறந்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்று உங்கள் கைகளில் இருந்த வாசனை அது. காக்ஸ் டவுனில் மூன்று வீட்டு வேலையை முடித்துவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வந்திருந்தீர்கள்.

ஏழைகளுக்கான வீட்டுவசதிச் சட்டத்தின் வரைவைப் பற்றி அரசுக் குழு கருத்துக் கேட்கும் கூட்டம். அரசு ஒரு குடியிருப்பைக் காலி செய்தால், அங்கிருப்பவர்களுக்கு வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு தர வேண்டும் என்ற ஒரு வரிக்காக எங்கள் தொண்டு நிறுவனம் எத்தனையோ படி ஏறி இறங்கியிருந்தது. நீங்கள் தமிழில் பேச, நான் கன்னடத்தில் சொல்வதாக ஏற்பாடு.

எழுந்து நின்றீர்கள். "நாங்க கும்பிட்டுக் கேக்க வரல சார். உங்க வீட்டுப் பாத்திரம் கழுவறதே நாங்கதான். எங்களத் தூக்கி ஊருக்கு வெளிய ஆனேக்கல் தாண்டிப் போட்டா, காலைல உங்க வீட்டுக் கதவ யாரு தட்டுவா? பக்கத்துலதான் குடுக்கணும். குடுத்தே ஆகணும்."

உங்கள் குரல் உயர்ந்ததிலேயே குழுத் தலைவரின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பயம். இயன்றவரை பக்கத்தில் வீடு கொடுத்தால் உபகாரமாக இருக்கும் என்று கேட்டுக்கொள்கிறார் எனக் கன்னடத்தில் சொன்னேன். அவர் தலையாட்டினார். காரியத்தைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வெளியே பஸ் ஸ்டாப்பில் கேட்டீர்கள். "ஏம்மா, எனக்குக் கன்னடம் தெரியாதுன்னு நெனச்சியா? முப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன்."

"அப்பறம் ஏன்க்கா தமிழ்ல பேசினீங்க?"

"மனசுல இருக்கறது அதுலதான் முழுசா வருது. நீ அப்படியே எடுத்துச் சொல்லுவேன்னு நம்பினேன்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "தணிஞ்சு பேசினாத்தான்க்கா அவங்க கேப்பாங்க" என்று உங்களுக்கே பாடம் நடத்தினேன். நீங்கள் பஸ் ஏறிப் போனீர்கள்.

சட்டம் வந்தது. பக்கத்தில் என்ற சொல்லுக்கு முன்னால் 'இயன்றவரை' வந்து உட்கார்ந்திருந்தது. என்னால்தான் வந்ததா என்று தெரியாது. ஆனால் அந்த அறையில் அதை முதலில் சொன்ன வாய் என்னுடையது. இயலவில்லை என்று ஒரு கடிதம் எழுதி, உங்கள் தெரு மொத்தத்தையும் ஆனேக்கலுக்கு அப்பால் அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்து பார்த்தீர்கள். நேரத்துக்கு வர முடியாமல் ஒவ்வொரு வீடாகக் கைவிட்டுப் போனது. பிறகு நோயில் படுத்துவிட்டீர்கள். ஒருமுறைகூட நான் வந்து பார்க்கவில்லை. எந்த முகத்தோடு வருவது?

போன மாதம் உங்களை எடுத்த அன்றுதான் வந்தேன். உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு அம்மா கூட்டத்துல என்ன பேசினாங்க மேடம்? கேட்டா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க."

நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். அழுகையோடு அவள் முகம் மலர்ந்தது. "அப்படியா கேட்டாங்க? அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"அவங்க காதுலயே விழலம்மா" என்றேன்.

அது பொய் இல்லை, அக்கா. ஆனால் விழாமல் பார்த்துக்கொண்டது நான்தான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவள் இன்னும் என்னை உங்களுக்கு வேண்டியவள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.