மோட்டரைப் போட்டால் விழும் சுவிச்

அத்தானுக்கு,

நேற்றுக் கிணற்று மோட்டரைப் போட்டதும் புது ட்ரிப் சுவிச் விழுந்தபோது எனக்குள் சந்தோசமாக இருந்தது. நீங்கள் கோபத்தில் நின்றதால் அதை வெளியே சொல்லவில்லை.

கிணற்றடிக் குழாயில் கை பட்டால் சுள்ளென்று கரண்ட் அடிக்கிறது என்று இரண்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். நீங்கள் ஒருநாள் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்டுமில்லையே, உனக்கு நரம்பிலைதான் கோளாறு" என்று சிரித்தீர்கள். உங்கள் காலில் றப்பர் செருப்பு இருந்தது. நான் ஈரத்தில் வெறுங்காலோடு நின்று உடுப்புத் தோய்ப்பவள். போகப்போக எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"மோட்டரிலை கரண்ட் ஒழுகுது தங்கச்சி, அதுதான் சுவிச் விழுது," என்று கரண்ட் போர்டை மாற்றி இந்தச் சுவிச்சைப் பூட்டிய சீவரத்தினம் அண்ணை நேற்றுச் சொன்னார். உங்களுக்கும் கேட்டது. அவர் போனபிறகு, "நாளைக்குக் கரவெட்டி ஆக்கள் வருகினம், தண்ணி வேணும். உந்தச் சனியனைக் கழட்டிப்போட்டு மோட்டருக்கு நேரை கரண்ட் குடுக்கச் சொல்லு," என்றீர்கள்.

கோயிலால் வந்ததும் சாப்பிடுங்கள். புட்டு மூடியிருக்கிறது, கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்க வேண்டும். விடிய இருபது வாளி அள்ளித் தொட்டியில் ஊற்றியிருக்கிறேன். போதாவிட்டால் நீங்களும் அள்ளுங்கள்.

அருந்ததி

பி.கு.: பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிற வழியில் கொக்குவிலில் இறங்கி, சுவிச்சைக் கழற்றும்படி சீவரத்தினம் அண்ணையிடம் சொல்லச் சொன்னீர்கள். பஸ் அவர் கடை வாசலில்தான் நிற்கும். நான் இறங்க மாட்டேன்.