தக்காளிப் பேணியில் முளைத்தது

மார்ச் 12, 1996, செவ்வாய்

காலையிலிருந்து மழை. தோய்த்தது எதுவும் காயவில்லை. கீழ்க் கதவின் மணிப் பலகையில் என் பெயரையும் ரூபன் அண்ணையின் பெயரையும் எழுதி ஒட்டினேன். ஈரத்தில் மை பரவியது. திரும்ப எழுதி, மேலே செலோடேப்.

விஜிலே வருவார். நகராட்சிக் காவலர். நாங்கள் இருவரும் உண்மையிலேயே அண்ணாவின் இந்த வீட்டில் இருக்கிறோமா என்று பார்க்க. எந்த நாள் என்று சொல்ல மாட்டார்கள். ஆள், கட்டில், உடுப்பு, எல்லாம் பார்ப்பாராம். "ஆள் இல்லை" என்று எழுதினால் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் வதிவிட அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க ஏலாது. பிறகு என்ன நடக்கும் என்று அண்ணா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மச்சாள், அண்ணாவின் மனைவி, அலுமாரியின் அடித்தட்டைக் காலி செய்தார். பெரிய வியாழனுக்கு இந்த ஊர்ச் சனம் பீங்கானில் பஞ்சு விரித்து, தானியம் தூவி, இருட்டில் முளைக்க விட்டு, மஞ்சள் முளையாகக் கோயிலுக்குக் கொண்டு போகும். இந்த முறை தமிழ் ஆக்களும் கொண்டுவரட்டும் என்று பங்குச் சுவாமி கேட்டாராம்.

"நானும் தண்ணி தெளிக்கட்டோ?"

"நீ தாவரவியல் படிச்சனி. பேர்தான் சொல்லுவாய். அதுகள் முளைக்க வேணுமெல்லோ!"

பட்டம் வாங்கி, ஓர் இத்தாலியச் சினியோரா வீட்டில் சன்னல் துடைக்கிறேன்.

மார்ச் 15, வெள்ளி

கூட்டும்போது ரூபன் அண்ணையின் மடக்குக் கட்டிலுக்கு அடியில் ஒரு விதை. உருண்டை, மிளகிலும் சிறிது, சாம்பல் நிறம், மேலே வலை போலக் கோடுகள். கொத்தமல்லி இல்லை. கடுகு இல்லை.

ரூபன் அண்ணை: அண்ணாவின் கூட்டாளிக்குத் தம்பி. நடையில்தான் படுக்கை. மொண்டெல்லோவில் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. என்னை "ரீச்சர்" என்று நக்கலடிப்பார். நான் யாருக்கும் படிப்பித்ததில்லை.

விதையை ஈரப் பஞ்சில் சுற்றிச் சோப்புப் பெட்டிக்குள் வைத்து, என் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். என்னவென்று முளைத்தால் தெரியும்.

மார்ச் 19, செவ்வாய்

சூசையப்பர் திருநாள். வேலை இல்லை. வெயில்.

சோப்புப் பெட்டி: வெள்ளை வேர், வளைந்து.

பல்கனியில் தக்காளி வந்த தகரப் பேணி ஒன்று, மண்ணோடு. போன கிழமை இருக்கவில்லை. அதில் சில முளைகள். வித்திலை மட்டும்தான் விரிந்திருக்கிறது. ஒன்றின் நுனியில் விதைத்தோல் இன்னும் தொப்பி போல. சாம்பல் நிறம், வலைக்கோடு.

பேணிக்குப் பக்கத்தில் நின்று ரூபன் அண்ணை சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ரீச்சர், என்னைப் படமெடுக்கிற மாதிரிப் பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை."

சாம்பலைப் பேணிக்குள் தட்டவில்லை, வெளியே கையை நீட்டித் தட்டினார். ஏன் அவ்வளவு கவனம்?

மார்ச் 22, வெள்ளி

அவரைப் பற்றி:
– புதுத் தோல் ஜக்கெட்.
– வீட்டில் போன் இருக்க, தெரு முனைக் கூண்டுக்குப் போய்க் கதைக்கிறார்.
– போர்கோ சந்தையில் மீன்காரனின் மகனோடு நின்றார். என்னைக் கண்டதும் இருவரும் கதையை நிறுத்தினார்கள்.

பயறு முடிந்தது. வாங்க வேண்டும்.

மார்ச் 26, செவ்வாய்

பேணியில் அடுத்த சோடி இலை. விளிம்பு வாள் பல்.

ஆய்வுகூடத்தில் ஒரு தரம் காய்ந்த இலை ஒட்டிய தாள் காட்டினார்கள். பெடியள் முழங்கையால் இடித்துச் சிரித்தார்கள். நான் குனிந்து படம் கீறினேன். அதே இலை. கஞ்சா.

விஜிலே இன்றைக்கு வந்திருந்தால்? பல்கனிக் கதவு திறந்தே கிடந்தது. மணி அடித்ததும் ஓடிப்போய் அதைச் சாத்தினேன். இன்று அடித்தது மேல்வீட்டுக் கிழவி. உப்புக் கேட்டு.

நானும் ஒன்றைக் கட்டிலுக்குக் கீழே வளர்க்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சோப்புப் பெட்டியைக் கக்கூசில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். திரும்பவும் ஊற்றினேன்.

மார்ச் 29, வெள்ளி

மச்சாள் சிலுவைப்பாதைக்குப் போன பிறகு அண்ணாவிடம் சொன்னேன். பேணியைக் காட்டினேன். வடிவாய்த் தெரியுமோ என்று கேட்டார். தெரியும் என்றேன். ரூபன் அண்ணை வந்ததும் அண்ணா கேட்டார்:

"என்னடா இது?"

"பேணி."

"விளையாடாதை. எங்கட பெர்மெஸ்ஸோவில மண் போடவோ நிக்கிறாய்?"

"அண்ணை, சத்தியமா எனக்குத் தெரியாது. சிகரெட் பத்திறவன் எல்லாம் கஞ்சா வளக்கிறவனோ?"

"என்ரை வீட்டில இனி இருக்காதை."

ஒரு பைக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பிரான்காச்சோவில் கூட்டாளிகள் இருக்கிறார்கள், அங்கே போறன் என்றார். வாசலில் என்னைப் பார்த்து, "என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாமே, ரீச்சர்."

நடிப்பு என்று நினைத்தேன். அண்ணா பேணியைக் கொண்டுபோய்த் தெருக் குப்பையில் போட்டார். கட்டிலை மடித்துப் பல்கனியில் சாத்தினார். "மச்சாளிட்டைச் சொல்லாதை, கத்துவா. வேற இடத்துக்குப் போயிட்டான் எண்டு சொல்லுறன்."

நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 1, திங்கள்

நேற்று முழுக்கக் குருத்தோலை, கோயில், ஆட்கள். எழுதவில்லை.

மத்தியானம் மச்சாள் பல்கனியில் நின்று, "என்ரை பேணி எங்கை?"

"எந்தப் பேணி?"

"முளை நட்ட பேணி. பீங்கானில சிலது தடிப்பா, மற்றதை விட உயரமா வந்திட்டுது. வடிவில்லை எண்டு பிடுங்கினனான். கடவுளுக்கு வைச்சதைக் குப்பையில போடலாமே? அதுதான் நட்டனான்."

அலுமாரியைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் கோதுமைப் புல்லுக்கு நடுவே இன்னும் வெள்ளைத் தண்டுகள், உச்சியில் இரண்டு வெளிறிய வித்திலை.

"மச்சாள், இது என்ன தானியம்?"

"முழுக் கோதுமை ஒரு கடையிலயும் இல்லை. குருவித் தீன் கடையில கலவையா வித்தவன். இவையள் கோதுமை மட்டும்தான் போடுகினம், வெறுமையாக் கிடக்கும். நவராத்திரிக் கும்பத்துக்கு அம்மா நவதானியமெல்லோ போடுவா. எத்தினை வடிவு!"

மச்சாள் கலியாணத்துக்கு முன் சைவம். கும்பத்தை மறக்கவில்லை. தீன் பையை நடையில், ரூபன் அண்ணையின் கட்டிலுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அடியில் ஓட்டை. கவிழ்த்தேன்: கோதுமை, தினை, அதே சாம்பல் விதை. இந்த ஊரில் குருவிக்குக் கஞ்சா விதையும் போடுகிறார்கள்.

சொன்னதும் மச்சாள் நெஞ்சில் சிலுவை போட்டார். பிறகு, "ஐயோ, முருகா!"

பீங்கான்களை மேசையில் பரப்பி, வெள்ளைத் தண்டுகளை நகத்தால் கிள்ளத் தொடங்கினோம். அப்போது மணி. விஜிலே.

வயதானவர். தொப்பியைக் கழற்றினார். மேசையைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. தன் தாயும் இப்படித்தான் செய்வாராம். மச்சாளின் மடியிலிருந்து ஒரு தண்டை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டி, ஓம், தடித்ததைப் பிடுங்கத்தான் வேண்டும், அம்மாவும் பிடுங்குவார் என்றார். தண்டைத் திரும்ப மடியிலேயே வைத்தார்.

என் கட்டில், சட்டைகள், பாஸ்போட். எழுதினார். பிறகு ரூபன் அண்ணையின் பெயரை வாசித்தார். எங்கே?

"மொண்டெல்லோ. வேலை." என் இத்தாலியன் ஒருநாளும் இவ்வளவு வேகமாக வந்ததில்லை.

கட்டில்? பல்கனியைக் காட்டினேன், காற்றுப் பிடிக்க வைத்தது என்று. உடுப்பு? அண்ணாவின் சேட்டுகளைக் காட்டினேன். ஒன்றை விரித்து, பெரிய ஆள் போல என்றார். ரூபன் அண்ணை என் தோளளவுதான்.

அவருடைய பெயருக்கு நேரே எதுவும் எழுதவில்லை. புதன்கிழமை திரும்ப வருவாராம். ஆளைக் காணாவிட்டால் இல்லை என்றுதான் எழுத வேண்டி வருமாம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மழை. பிரான்காச்சோ பஸ், நின்றுகொண்டே. பட்டறைகளைத் தாண்டி அடுக்குமாடி வீடு. ரூபன் அண்ணை கதவைப் பாதிதான் திறந்தார்.

எல்லாம் சொன்னேன். குருவித் தீன், மச்சாள், விஜிலே, சேட். மன்னிக்கச் சொல்லியும் கேட்டேன். தரையைப் பார்த்தபடி.

"அப்ப விஜிலே வந்த பிறகுதான் நான் நல்லவனோ?"

"இல்லை. அதுக்கு முதலே தெரியும்."

"எவ்வளவு முதல்?"

"கொஞ்சம்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"உங்களில கோவமில்லை. துரத்தினது உங்கட அண்ணர். கொண்ணர் வந்து கூப்பிடட்டும், வாறன்."

"நாளைக்கு விஜிலே..."

"தெரியும். என்ரை பெர்மெஸ்ஸோதானே."

கதவைச் சாத்தினார்.

வீட்டில் அண்ணா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். மச்சாள் கோப்பையை டொக்கென்று வைத்தார். "அவனென்ன பெரிய ஆளோ, நான் போய்க் கூப்பிட?" என்றார் அண்ணா. எழும்பிப் பல்கனிக்குப் போனார். போய்விட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மடக்குக் கட்டிலை இழுத்துக்கொண்டு வந்தார். மெத்தையிலிருந்து தண்ணீர் சமையலறை முழுக்க ஓடியது. பழைய துவாயால் கம்பிகளைத் துடைத்தார், ஒவ்வொன்றாக.

"பிரான்காச்சோவுக்கு அடுத்த பஸ் எப்ப?"

என்னைப் பார்க்காமல்தான் கேட்டார்.