கூராபினில் நின்ற தாளம்

எட்மண்டன், லண்டன்
பெப்ரவரி 27

ஜதுர்ஷிகாவின் தகப்பனார் ஷெறோனுக்கு,

நலம் விசாரித்துக் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்றுதான் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். எனக்கு அந்த அளவு மரியாதை இன்று மிச்சமில்லை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வசனம் சொல்லுமுன் "சரி சரி, விளங்குது" என்று நீர் வெட்டிவிடுவீர். எழுத்தை வெட்ட ஏலாது. அதனால்தான் இந்த ஈமெயில்.

மகள் உம்மிடம் வந்து சேர்ந்துவிட்டாள் என்று அவள் போட்ட படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவள் புறப்பட்ட விதத்தையும் அறிந்துகொள்ளும். நான் காலை வேலை முடித்து வந்து பஸ் சாரதி உடுப்பைக்கூட மாற்றவில்லை. வாசலில் சூட்கேஸ் நிற்கிறது. "அம்மா, அப்பாட பாண்டில ட்ரம்ஸ் அடிக்கிறவருக்குக் கை முறிஞ்சு போச்சாம். ஃபெஸ்டிவலுக்கு ஆள் இல்லையாம். நான் போறன்" என்றாள். போகட்டுமா என்ற கேள்வியே இல்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையை மறிக்க என் கையில் ஒன்றுமில்லை. ஆனால் உமக்கு என் இலக்கம் தெரியும். எங்களை விட்டுவிட்டு மெல்பேனுக்குப் போய் நாலு வருஷத்தில், ஒருநாள் எனக்கு எழுத ஒரு காரணம் கிடைத்தது. அன்றும் நீர் எழுதவில்லை.

அந்த விழாவின் விளம்பரத்தைத் தேடிப் பார்த்தேன். மெல்பேனிலிருந்து தள்ளிக் கூராபின் என்றொரு ஊர்; கோதுமைக் களஞ்சியங்களும் ஆட்டுச் சந்தையும் உள்ள ஊர். சந்தைத் திடலில் லொறிப் பெட்டியொன்றைத் திறந்து மேடையாக்கியிருக்கிறார்கள். பழைய ரொக் பாட்டுகளைப் பாடும் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. பாதிப்பேர் அந்தப் பாடகர்களைப் போலவே வேஷம் கட்டியிருக்கிறார்கள். உமது குழுவின் படத்தில் ஒரு பிளம்பர், ஒரு வாத்தியார், ஒரு விவசாயி, நடுவில் பொன்னிறப் பொய்முடியோடு நீர். நாற்பத்தேழு வயதில் அந்த முடி. அந்தக் காலத்தில் இங்கே லண்டனில், பிளேஸ்டோவில் நாங்களும் பிறர் பாட்டைத்தான் வாசித்தோம். நீர் லீட் கிற்றார், நான் பேஸ் கிற்றார். ஆனால் சொந்த முடியோடு வாசித்தோம்.

இனி முக்கியமான விஷயம். ஜதுவுக்கு முதல் வலிப்பு வந்தபோது நீர் இந்த வீட்டில் இல்லை. அதனால் உமக்கு அது வெறும் சொல். எனக்கு அது சமையலறைத் தரையில் அவள் தலை மோதிய சத்தம். காலையும் மாலையும் குளிசை. நித்திரை குறையக் கூடாது. வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு அவள் இருக்கும் மேடையில் எரியவே கூடாது. லைட்காரரிடம் நீரே நேரில் போய்ச் சொல்லும். வேறு யாரிடமாவது சொல்லி அனுப்பினேன் என்ற கதையை நான் கேட்க மாட்டேன்.

வேறு ஒன்றும் உம்மிடம் கேட்கவில்லை.

கடமைக்காக எழுதும்,
மாதங்கி


எட்மண்டன், லண்டன்
மார்ச் 9

ஷெறோனுக்கு,

நேற்றுக் காலை முதல் ஓட்டம் முடித்து டிப்போ கன்டீனில் தேநீரோடு இருந்தேன். உங்களுக்கு அப்போது மாலை. விழாக்காரர் நேரடியாக ஒளிபரப்புகிறார்கள் என்று ஜது இணைப்பு அனுப்பியிருந்தாள். பக்கத்தில் இருந்த சாரதிகளிடம்கூட என் மகள் என்று காட்டினேன். அதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

நன்றாக அடித்தாள். அதை மறைக்க நான் உம்மைப் போல ஆளில்லை. முதல் இரண்டு பாட்டிலும் உமது பிளம்பர் தாளத்தை விட்டு எங்கெங்கோ ஓட, அவள்தான் இழுத்துப் பிடித்து வைத்தாள். திடலில் வெயில்தொப்பி போட்ட சனம் கதிரையை விட்டு எழும்பி ஆடியது. மூன்றாவது பாட்டில் உமது தனி வாசிப்பு வந்தது. கமரா உம்மைவிட்டு அசையவில்லை. நீரும் மேடையின் விளிம்புக்கு வந்து, கண்ணை மூடி, ஒரே கம்பியை இழுத்துக்கொண்டு நின்றீர்.

அவளுடைய அடி பிந்தியது. எனக்குக் கேட்டது. டிப்போக் கன்டீனில், கேத்தில் கொதிக்கும் சத்தத்துக்குள், கையளவு போனில் எனக்குக் கேட்டது. அடி பிந்தியது, பிறகு காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மில் மட்டும் விழுந்தது, பிறகு நின்றது. நீர் வாசித்துக்கொண்டே இருந்தீர். ட்ரம்ஸ் நின்ற பிறகும் வாசித்தீர். உமது வாத்தியார் ஓடிவந்து தோளில் தட்டியபோதுதான் கண்ணைத் திறந்தீர். என்னோடு ஒரே மேடையில் வாசித்த காலத்திலும் இதுதான் உமது குணம். அன்று அதற்குத் திறமை என்று பெயர் வைத்தோம்.

கமரா திரும்பியது. அடுத்த குழுவின் பாடகி போலிருக்கிறது, வெள்ளி மினுக்கச் சட்டை போட்ட ஒருத்தி, உமக்கு முன்னமே அவளிடம் போய்விட்டாள். ஜதுவைப் பக்கவாட்டில் சரித்து, தன் தலையிலிருந்த பொய்முடியைக் கழற்றி அவள் தலைக்குக் கீழே வைத்தாள். அந்த மேடையில் பொய்முடியால் வந்த ஒரே நன்மை அது. அவளைக் கண்டுபிடித்து என் நன்றியைச் சொல்லும். பிறகு என் மகளை மறைத்துக்கொண்டு ஒரு டிரக்டர் விளம்பரம் வந்தது. சிவப்பு டிரக்டர். அது முடிந்ததும் திரும்ப அதே டிரக்டர்.

எத்தனை தரம் அழைத்தேன் என்று உமது போனில் இருக்கும். கட்டுப்பாட்டாளரிடம் போய், "இண்டைக்கு என்னால பஸ் எடுக்க ஏலாது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் போலந்துக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டு பஸ் திறப்பை வாங்கிக்கொண்டார்.

கடைசியில் நீர் எடுத்தீர். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், கண் முழித்திட்டாள், தையல் ஒன்றும் தேவையில்லை என்றீர். எப்படி நடந்தது என்று கேட்டேன். "லைட்காரனுக்குச் சொல்ல மறந்து போனன், மாதங்கி. அந்த மின்னுற லைட்டைப் போட்டிட்டான். என்ர பிழைதான்" என்றீர். உமது குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

மறந்து போனீர். பொய்முடிக்கு அளவு கொடுக்க மறக்கவில்லை. நான் உம்மிடம் கேட்டது ஒரே ஒரு விளக்கை அணைக்கச் சொல்லி. இதற்கு மேல் உம்மைப் பற்றி நினைக்க எனக்கு ஒன்றுமில்லை. முன்பு நீர் எங்களை விட்டுப் போனதற்குக்கூட ஏதோ காரணம் இருந்திருக்கும் என்று பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தேன். இனிச் சொல்ல மாட்டேன்.

பயணம் செய்யலாம் என்று டொக்டர் சொன்ன அன்றே அவளை ஏற்றி அனுப்பும். அனுப்பாவிட்டால் நான் வருவேன். வந்தால் உமது வாசலில் நின்று, அந்த ஊர்ச் சனம் முழுக்கக் கேட்கத்தான் பேசுவேன்.

மாதங்கி


எட்மண்டன், லண்டன்
மார்ச் 24

ஷெறோனுக்கு,

நீர் எனக்குப் பதில் எழுதவில்லை. நான் எழுதியதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தீர். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

விழாக்காரர் அன்றைய ஒளிபரப்பை இன்னும் அழிக்கவில்லை. உம்மீது முறைப்பாடு எழுதுவதற்காகத்தான் திரும்ப அதைப் போட்டேன். லைட்காரர் எந்த இடத்தில் அந்த விளக்கைப் போட்டார் என்று பார்த்துக் குறிக்க வேண்டும் என்று நினைத்தேன். முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். வெயில் முழுதாகக் கூட இறங்கவில்லை. மேடையில் மஞ்சள் விளக்குகள் நாலைந்து, அசையாமல் எரிந்தபடி. மின்னும் விளக்கு ஒன்றுமே இல்லை. இன்னொரு தரமும் பார்த்தேன். இல்லை.

பிறகு ஜதுவை அழைத்தேன். இரண்டு கிழமையாக என்னோடு "ஓம் அம்மா, இல்லை அம்மா" என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தவள். மேடையில் லைட் ஒன்றும் மின்னவில்லையே என்றேன். அவள் அழுதாள்.

"அம்மா, அப்பாவில பிழை இல்லை. நான் குளிசை குடிக்கேல்லை. கன காலமா குடிக்கேல்லை. அதைக் குடிச்சா கை பிந்துது அம்மா. நான் நினைக்கிற இடத்தில அடி விழுகுதில்லை" என்றாள். எங்கே போனது குளிசை என்று கேட்டேன். காலையும் மாலையும் என் கண் முன்னாலேயே வாயில் போடுவாளாம். நான் திரும்பியதும் துப்பிவிடுவாளாம். நான் தண்ணீர்க் கோப்பையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன், ஷெறோன். வேலைக்குப் போகும் அவசரத்தில் திரும்புவேன்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய பையைத் திறந்தபோது பிரிக்காத குளிசைப் பெட்டியை நீர் கண்டீராம்; அவளே உண்மையைச் சொன்னாளாம். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள் உமது கையைப் பிடித்தாளாம். "நான் சொல்லுறன், என்ர பிழை எண்டு. அவ என்னைப் பேசட்டும். எனக்கு அது பழக்கம்" என்று சொன்னீராம்.

இதைக் கேட்டு நான் உருகிப்போவேன் என்று நினைக்காதேயும். எனக்கு வந்தது எரிச்சல். என்னிடம் பொய் சொல்ல உமக்கு யார் அதிகாரம் தந்தது? அவள் குளிசையை நிறுத்தியதை அறிய வேண்டிய ஆட்களில் முதல் ஆள் நான். அவள் அந்தச் சூட்கேஸோடு அடுத்த விமானத்தில் இங்கே வந்திருந்தால், நான் திரும்ப அதே குளிசையை நீட்டியிருப்பேன். அவளும் துப்பியிருப்பாள். நீர் நல்லவராகிற அவசரத்தில் அதை யோசித்தீரா? நான் இரண்டாவது கடிதத்தில் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் எழுத விட்டுவிட்டு, மெல்பேனில் பேசாமல் இருந்தீர். என்னைப் பொல்லாதவளாகவும் உம்மைப் பொறுமைசாலியாகவும் வைத்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ட்ரம்ஸ் நின்றது உமக்குக் கேட்காததும் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் குற்றத்திலிருந்து உம்மை நான் விடவில்லை.

உம்மிடம் ஏன் உண்மையைச் சொன்னாய், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அப்பா ஒண்டும் கேக்கேல்லை, அம்மா" என்றாள். நான் நாலு வருஷமாக ஒவ்வொரு நாளும் கேட்டேன். சாப்பிட்டாயா, படுத்தாயா, தலை சுற்றுகிறதா, குளிசை எங்கே என்று. ஒன்றும் கேட்காத ஆளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். இந்த நியாயத்தை எனக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டாம். எனக்குப் பிடிக்கவும் வேண்டாம்.

அங்கேயுள்ள டொக்டர் குளிசையை மாற்றியிருக்கிறார், இது கையை அவ்வளவு பிந்த விடாது என்று சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பழகிச் சரிவர மாதக்கணக்கில் ஆகுமாம். அதுவரை அங்கேயே நிற்கப் போகிறாளாம். டொக்டர் விட்டால் அடுத்த விழாவில் அடிப்பாளாம். நான் லீவு எடுத்து வாறன் என்றேன். "இப்ப வராதேங்கோ அம்மா, ப்ளீஸ்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மெதுவாகச் சொன்னதால்தான் திரும்பக் கேட்க முடியவில்லை.

ஆகவே நான் வரவில்லை. டிக்கெட்டும் பார்க்கவில்லை. உமது வாசலில் நின்று கத்துவேன் என்று எழுதியதை இப்போதைக்கு ஒத்திவையும். ஒத்திவைக்கத்தான் சொல்கிறேன்.

அவளுடைய ட்ரம்ஸ் இங்கே அவளுடைய அறையில் இருக்கிறது. கீழ்வீட்டுக்காரி நேற்று மாடிப்படியில் மறித்து, இப்போது வீடு எவ்வளவு அமைதி என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவளோடும் சண்டை பிடித்துவிட்டேன்.

இனிச் சொல்வதை நீர் வெட்டாமல் வாசியும். இது அவளுக்காக, உமக்காக இல்லை. அவள் குளிக்கும்போது கதவைப் பூட்ட விடாதேயும். சும்மா சாத்தினால் போதும். தனியாக ஒரு ஆள் தண்ணீருக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே நான் கதவுக்கு வெளியே துவாயை மடித்துக்கொண்டு நின்று, எதையாவது பேசிக்கொண்டே இருப்பேன். அவளுக்கு அது வெறுப்பு. "அம்மா, போங்கோ" என்று கத்துவாள். அந்தக் கத்தல் கேட்கும்வரை எனக்கு நிம்மதி.

நீர் பேச வேண்டாம். உமக்குப் பேசவும் தெரியாது. கிற்றாரை எடுத்துக்கொண்டு போய்க் கதவடியில் நிலத்தில் இருந்து வாசியும். என்ன பாட்டென்றாலும் பரவாயில்லை. அவளால் சும்மா இருக்க ஏலாது. உள்ளேயிருந்து சுவரிலோ வாளியிலோ தட்டுவாள். தட்டுகிறாளா என்று கேட்டுக்கொண்டே வாசியும். தட்டும் சத்தம் நின்றால் பாட்டை முடிக்க நினைக்காதேயும். கிற்றாரைப் போட்டுவிட்டு உள்ளே போம்.

பிள்ளை சுகமாக இருக்கட்டும். நீரும் இரும்.

மாதங்கி