எண்ணெய் தங்கும் கீறல்கள்

என் வீட்டுக்காரருக்கு,

நேரில் சொல்லத் தைரியமில்லை. நீங்கள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது நான் வேலைக்குப் போயிருப்பேன் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஆயுதபூஜைக்கு உங்கள் கம்பெனிக்கு வந்தேனே, அன்று நீங்கள் பொரி வாங்கப் போனபோது, உங்களிடம் வேலை பழகும் ஜாஸ்மின் எனக்கு ஒரு எஞ்சின் சிலிண்டரைக் காட்டினாள்.

"உள்ள தடவிப் பாருங்கக்கா. வழவழன்னு வுட்டா ஆயில் நிக்காது. குறுக்கும் நெடுக்குமா மெல்லிசா கீறணும், அதுல தான் ஆயில் தங்கும். அண்ணன் எவ்ளோ அழகா சொல்லிக் குடுத்தாரு தெரியுமா!"

பதினோரு வருடமாக நான் கேட்கும்போதெல்லாம் "மெசின் வேலை தான்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுவீர்கள். அவளிடம் மட்டும் இவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்தது?

மறுவாரம் அவளை வேறு லைனுக்கு மாற்றினார்களே, அது என்னால்தான். குன்றத்தூர் கோயிலில் உங்கள் சூப்பர்வைசரைப் பார்த்து, "அந்தப் பொண்ணையும் எங்க வூட்டுக்காரரையும் பத்தி ஒரு மாதிரி பேசிக்கினு இருக்காங்க சார்" என்றேன். உண்மையில் யாரும் அப்படிப் பேசவில்லை.

நேற்று பஸ் ஸ்டாப்பில் அவள் அழுதாள். "நான் இன்னா தப்பு பண்ணேன்னே தெரியலக்கா" என்றாள். இன்று காலை சூப்பர்வைசருக்குப் போன் செய்து, நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். திங்கட்கிழமை அவள் உங்கள் மெசினுக்கே திரும்புகிறாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் வேலை முடிந்து வந்ததும் திட்டுங்கள். எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து கேட்கிறேன். என்னிடமும் ஒருநாள் அவ்வளவு பேசினீர்கள் என்று இருக்கட்டும்.

உங்கள் மனைவி