பத்துக்குப் பத்து

ஜூன் 28, சனி

வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. நான் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. அடிலெய்டுக்கும் கோல சிலாங்கூருக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஒரு மணியைச் சமாளித்துவிட்டேன். அந்த அரை மணி மட்டும் இன்னும் ஆகாயத்தில் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. மத்தியானம் படுத்தால் சன்னலுக்கு வெளியே செம்பனை மட்டைகள் தண்ணீருக்கு அடியில் அசைவதுபோல் அசைகின்றன. அங்கே கம்பளிக்குள் நடுங்கிய உடம்பு இங்கே வேர்த்துக் கொட்டுகிறது. எதை நம்புவது என்று அதற்கே தெரியவில்லை.

அம்மா இன்றைக்கு மட்டும் ஐந்து தரம் கேட்டுவிட்டார்: "பசியாறிட்டியா?"

ஜூன் 30, திங்கள்

கனவு கண்டது போதும் தனுஜா. வேலையைப் பார்.

உளவியல் ஆனர்ஸ், நான்காம் வருடம். இந்த வருடம் ஆய்வுக்கட்டுரைதான் எல்லாம். முதல் வகுப்பு வந்தால்தான் மேலே மருத்துவ உளவியல் படிக்க இடம் கிடைக்கும். என் தலைப்பு: தோட்டப்புறப் பெண்களின் தூக்கமும் கனவும். பன்னிரண்டு கேள்விகளை நானே தமிழில் எழுதியிருக்கிறேன். தூக்கம் வராமல் தவிக்கிறீர்களா, நடுவில் விழித்துக்கொள்கிறீர்களா, கெட்ட கனவு வருகிறதா — இப்படி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். பூஜ்யம் என்றால் தொல்லையே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத தொல்லை. கடைசிப் பக்கம் வெறும் கோடுகள். அண்மையில் கண்ட கனவு ஒன்றை அதில் எழுத வேண்டும். பெயர் போடக்கூடாது.

சொந்தக்காரர்களைச் சேர்க்கக்கூடாது என்பது பல்கலைக்கழக விதி. அம்மாவுக்கு முகம் சுருங்கிப் போனது. "ஊருக்கெல்லாம் பாரம் குடுப்ப, எனக்கு மட்டும் இல்லையா?" கொஞ்ச நேரம் ஒரு படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அவரே, "சரி, நான் போயி எல்லார்ட்டயும் சொல்லி வைக்கிறேன்" என்றார்.

அம்மா சொன்னால் தோட்டத்தில் யாரும் தட்ட மாட்டார்கள். பாதிப் பேருக்கு இரவிக்கை தைத்துக் கொடுப்பவர் அவர்தானே.

ஜூலை 3, வியாழன்

படிவங்களைக் கொடுத்து முடித்தேன். தோட்டத்து வீடுகளில் இருபது, பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருபத்திரண்டு. நிரப்பியதைப் போட ஒரு பிஸ்கட் டின். மூடியில் அப்பா ஓட்டை வெட்டிக் கொடுத்தார்.

எதிர்வீட்டுக் காளியம்மா அத்தை — சொந்தமில்லை, பழக்கத்தில் அத்தை — என் கன்னத்தைத் தட்டினார். "நீ ஒண்ணும் கவலப்படாத தனு. நாங்க இருக்கோம்ல."

எவ்வளவு நல்ல மனுஷர்கள்.

ஜூலை 9, புதன்

டின் நிரம்பிவிட்டது. எண்களை அப்புறம் பார்க்கலாம் என்று முதலில் கடைசிப் பக்கங்களை மட்டும் படிக்க உட்கார்ந்தேன். எழுந்தபோது வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. கொடியில் துணி நனைந்து தொங்கியது. நான் எதையும் கேட்கவில்லை.

ஒருவர் கிள்ளான் பஸ்ஸில் போகிறார். ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை. ஒருவரும் பயப்படவில்லை, எல்லாரும் கச்சான் கடலை கொறிக்கிறார்கள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒழுங்காக நிற்கிறது.

இன்னொருவர் வீட்டுக் கதவைத் திறந்தால் ஜெராம் கடல். அலை வாசல்படி வரை வந்து, செருப்பை மட்டும் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறது.

ஒருவரின் கனவில் செம்பனைக் குலையை வெட்டினால் அது மேலே விழுகிறது. கீழே அல்ல, மேலே. "தலையில விழுமோன்னு பயம் இல்லாம வேலை செஞ்சேன்" என்று எழுதியிருக்கிறார்.

நடுங்கும் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: "கனவுல எனக்கு மலாய் நல்லா பேச வருது."

இந்த வரியை எத்தனை தரம் படித்தேனோ! நூலகத்தில் உட்கார்ந்து மூன்று வருடம் கனவைப் பற்றிப் படித்தேன். கனவுக்கு என்ன மணம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜூலை 12, சனி

எண்களைக் கணினியில் ஏற்றினேன்.

ஒன்பது, பத்து, பத்து, பத்து, ஒன்பது. நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேருக்குத் தூக்கமே இல்லை! ஒரே ஒரு படிவத்தில்தான் எல்லாவற்றுக்கும் மூன்று. நான் வளர்ந்த இடம் முழுக்கக் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருக்கிறதா? எனக்கு எப்படித் தெரியாமல் போனது? முதலில் படிவங்களை மறுபடி எண்ணிப் பார்த்தேன். அப்புறம் — இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது — சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு முடிவு யாருக்குக் கிடைக்கும்?

என் மேற்பார்வையாளர் டாக்டர் ரூத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

ரூத் பதில் போட்டிருக்கிறார். அசாதாரணமான முடிவாம். சரிபார்த்துவிட்டால் ஆய்விதழுக்கே அனுப்பலாமாம். தரையில் கால் படவில்லை!

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் காளியம்மா அத்தை. குவளையோடு திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்.

"தனு, பாஸ் பண்ணிட்டியா?"

"என்ன பாஸ் அத்தை?"

"அந்தப் பாரம்தான் லா. உங்கம்மா சொன்னபடியே நான் எல்லாத்துக்கும் பத்துக்குப் பத்து போட்டேன். திலகம் ஒரு எடத்துல எட்டு போட்டிருந்தா. திட்டி, பத்தாக்க வச்சேன்."

பக்கத்திலிருந்த திலகம் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு நல்லாத்தான் தூக்கம் வருது தனு. ஆனா உன் மார்க்கு குறையக்கூடாதில்ல."

கூழ் கையில் ஆறிப் போனது.

அந்த மூன்று? பக்கத்து வீட்டுத் தனேஸ்வரி அக்காவாம், அத்தையே சொன்னார். கொய்யா மரக்கிளை வேலி தாண்டி வந்த விஷயத்தில் அம்மாவோடு அவருக்குச் சண்டை. அதனால் எனக்கு மூன்று மார்க்! நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தர்கூடத் தன் தூக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை. எல்லாரும் எனக்கு மார்க் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 19, சனி

எல்லாம் போச்சு. அம்மா ஏன் இப்படிப் பண்ணினாங்க?

கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே சொன்னார்: "பத்துக்கு எவ்வளவுன்னு போட்டிருந்துச்சு, நான் பார்த்தேன். யாராச்சும் ரெண்டு, மூணுன்னு போட்டு வச்சா உன் படிப்பு என்னாவறது? அதான் வீடு வீடா போயி சொன்னேன்."

"அது எனக்கு மார்க் இல்லம்மா! அவங்களுக்கு எவ்வளவு தொல்லைன்னு கேட்ட கேள்வி! முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேனே!"

"முதல் பக்கத்த யாரு படிக்கிறா?"

நான் அழுதேன். அப்போதுதான் இயந்திரம் நின்றது. "இப்ப உனக்கு மார்க் போயிடுமா?" என்று கேட்டார். நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூலை 21, திங்கள்

யாருக்கும் தெரியாது. இதைத்தான் இரண்டு நாளாக மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறது. படிவங்கள் பத்திரமாக இருக்கின்றன. எண்கள் எண்களாகவே இருக்கின்றன. அடிலெய்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு ஆடிக் கூழைப் பற்றி என்ன தெரியும்?

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அப்பாவின் லோரியில் ஏறி சுங்கை புரோங் வரை போனேன். அறுவடை நேரம். நெல் ஏற்றும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்தேன். பாதி வயல் மஞ்சள், பாதி வெறும் அரிதாள். கொக்குகள் அறுத்த பக்கத்திலேயே நடந்தன. வெயிலில் எல்லாம் லேசாக மிதந்தது. வரப்பு, வாய்க்கால், தூரத்தில் அப்பாவின் நீலச் சட்டை. கண்ணை மூடினால் அந்த ஓட்டுநர் இல்லாத பஸ் வந்து நின்றது. ஏறலாமா?

அப்பா வந்து, "என்ன, வாயே தொறக்க மாட்டற?" என்றார். தலைவலி என்றேன்.

நாற்பத்தொரு பெண்கள் தூங்காமல் தவிப்பதாக நான் எழுதினால், யாரோ அதை நம்புவார்கள். திலகம் அக்காவுக்கு நல்ல தூக்கம் வருகிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு எப்படி எழுதுவது?

ஜூலை 23, புதன்

ரூத்திடம் சொல்லிவிட்டேன். காணொளி அழைப்பில் அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சிரித்தார், உடனே மன்னிப்புக் கேட்டார். எண்கள் ஒன்றும் செல்லாது. கனவுப் பக்கங்களுக்கு மார்க் இல்லாததால் அவை மட்டும் மிஞ்சும், அவற்றை வைத்து ஒரு சின்ன ஆய்வாக எழுதலாம் என்றார்.

முதல் வகுப்பு?

"கஷ்டம்தான், தனுஜா." பொய் சொல்லாத மனுஷி.

ஜூலை 25, வெள்ளி

நாளைக்கு விமானம். பெட்டி கட்டும்போது ஒரு படிவம் கீழே விழுந்தது, நிரப்பாதது. அம்மா எடுத்துக் கொடுத்தார். சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான்.

எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டேன். "அம்மா, நீங்க நல்லா தூங்குறீங்களா? பத்துக்கு எவ்வளவு?"

"இதுக்கு உனக்கு மார்க் உண்டா?"

"இல்லம்மா."

"அப்ப மூணு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா என் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார். மூன்று வருடமாக விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுகிறாராம். அங்கே எனக்கு அது ஆறு மணி. "அந்தக் குளிர்ல, இருட்டுல நீ தனியா எந்திரிக்கிற. நான் மட்டும் எப்படிப் படுத்துக் கெடக்குறது?" வாட்சப்பில் நான் ஆன்லைன் வருகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருப்பாராம். வந்ததும், சரி, பிள்ளை எழுந்துவிட்டாள் என்று ஃபோனைக் கீழே வைத்துவிடுவாராம். மறுபடி தூக்கம் வருவதில்லையாம்.

"ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கலையே. எனக்குத்தான் பாரமே குடுக்கலையே."

நாற்பத்திரண்டு பேரிடம் கேட்டேன். விதிப்படி விட்டது ஒரே ஒருவரை. அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "சட்ட கசங்குது, எந்திரி" என்றார், ஆனால் தள்ளவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு. அடிலெய்டு

பதினேழாம் தேதி கட்டுரையைக் கொடுக்க வேண்டும். சின்னக் கட்டுரைதான். ஆனால் அந்த மலாய் வரியை மூன்றாம் அத்தியாயத்தின் தலையில் வைத்திருக்கிறேன். இரண்டாம் வகுப்பு வரும் என்கிறார் ரூத். வரட்டும்.

இன்றிலிருந்து இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். இனி என் ஆறு மணி அம்மாவுக்கு மூன்றரை. போன வருடங்களிலும் இந்த மாதங்களில் அவர் மூன்றரைக்கே எழுந்திருப்பார்; நான் கணக்குப் பார்த்ததில்லை.

நேற்று அழைத்துச் சொன்னேன்: "வகுப்பு நேரம் மாறிடுச்சும்மா. இனிமே எட்டு மணிக்குத்தான் எந்திரிப்பேன்."

"அப்ப இங்க அஞ்சரை. நல்லா தூங்குறியா அங்க?"

"பத்துக்குப் பத்தும்மா."

இப்போது மணி ஆறேகால். சன்னலுக்கு வெளியே தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. தேநீர் போட்டுக்கொண்டு இதைக் கையால் எழுதுகிறேன். ஃபோனை அணைத்து மேசை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறேன். எட்டு மணிவரை நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.